காத்திருத்தலும் சலாகையும்: பச்சிளங்குழந்தைகளின் கண்ணீர் நாள அடைப்புக்கான சிகிச்சை வரலாறு

ஆய்வுச்சுருக்கம்

பிறந்த சில வாரங்களில் குழந்தையின் ஒரு கண்ணோ இரு கண்களுமோ ஓயாமல் நீர் வடிப்பதும், இமைகளில் பீளை கட்டுவதும் உலகெங்கும் காணப்படும் நிலையாகும். கண்ணீரை மூக்கினுள் கொண்டுசெல்லும் நாளம் முழுமையாகத் திறவாமையே இதன் பெரும்பான்மைக் காரணம். கண் மருத்துவ வரலாற்று நூல்கள் கண்ணீர் நாள அடைப்புக்கான சிகிச்சையைக் கருவிகளின் வளர்ச்சியாகவே எழுதி வந்துள்ளன. அவ்வரலாறு பெரியவர்களின் நோயைச் சார்ந்தது. குழந்தைகளின் அடைப்பு தனியொரு நிலை என அறியப்பட்ட பின்னர் சிகிச்சை எதிர்த்திசையில் நகர்ந்தது என்பதையும், எவ்வளவு காலம் காத்திருப்பது என்ற வினா எண்களால் ஆராயப்பட்டபோது எழுந்த சிக்கலையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: கண்ணீர் நாளம், கண்ணீர்ப்பை, சலாகை, அழுத்திப் பிடித்தல், ஹாஸ்னர் மடிப்பு, மருத்துவ வரலாறு.

முன்னுரை

மேல் இமையிலும் கீழ் இமையிலும், மூக்கை ஒட்டிய முனையில், ஊசிமுனையளவே ஆன துளை ஒவ்வொன்று உண்டு. கண்ணை நனைத்து முடித்த கண்ணீர் அத்துளைகளின் வழியே இரு நுண்கால்வாய்களுக்குள் சென்று கண்ணீர்ப்பையை அடைகிறது. அங்கிருந்து எலும்பினுள் அமைந்த நாளத்தின் வழியே இறங்கி மூக்கின் அடிப்பகுதியில் திறக்கிறது. அழும்போது மூக்கு ஒழுகுவது இதனாலேயே. நாளத்தின் கீழ்முனையிலுள்ள சவ்வு மடிப்பு, அதனை 1850இல் விளக்கிய பிராகா நகரக் கண் மருத்துவர் ஜோசப் ஹாஸ்னரின் பெயரால் இன்றும் வழங்குகிறது.

கருவில் இந்த நாளம் தொடக்கத்தில் குழாயாக உருவாவதில்லை. முகத்தின் இரு திசுப் புடைப்புகள் ஒன்றுசேரும் பள்ளத்தில் புதையும் ஒரு திண்மையான தோல்திசு இழையே அதன் தொடக்கம். அவ்விழை பின்னர் உட்குடைந்து குழாயாகிறது. கடைசியாகத் திறப்பது மூக்கினுள் உள்ள கீழ்முனை. பிறக்கும் வேளையில் கணிசமான குழந்தைகளுக்கு அம்முனையில் மெல்லிய சவ்வு ஒன்று எஞ்சி நிற்கிறது. பெரும்பாலோர்க்கு அது எவரும் அறியாமலேயே திறந்துகொள்கிறது. எஞ்சியோர்க்குக் கண் நீர் வடிக்கிறது, தேங்கிய நீரில் கிருமி பெருகிப் பீளை சேர்கிறது. எனவே இது நோய் என்பதைவிட முற்றுப்பெறாத வளர்ச்சி எனலே பொருந்தும். இந்த வேறுபாட்டை மருத்துவம் உணர்வதற்கு நெடுங்காலம் பிடித்தது.

பண்டைய பதிவுகள்

பாபிலோனிய அரசன் ஹமுராபியின் சட்டத்தொகுப்பில், வெண்கலக் கத்தியால் ‘நக்கப்து’ என்ற இடத்தைத் திறந்து கண்ணைக் காத்த மருத்துவனுக்குப் பத்து ஷெக்கல் வெள்ளி கூலியாக விதிக்கப்பட்டுள்ளது. கண் கெட்டுவிட்டால் அவன் கை வெட்டப்படும். அச்சொல் கண்ணீர்ப்பைக் கட்டியைக் குறிக்கும் என்பது ஒரு சாராரின் கருத்து. வேறு பொருள் கொள்வோரும் உளர். கண்ணீர்ப்பை அறுவையின் ‘முதற்சான்று’ எனச் சில மருத்துவ நூல்கள் இதனைத் தயக்கமின்றி எடுத்தாள்வது ஏற்கத்தக்கதன்று. பொருள் முடிவாகாத ஒரு சொல்லின்மீது வரலாற்றை எழுப்ப இயலாது.

கி.பி. முதல் நூற்றாண்டின் ரோமானிய எழுத்தாளர் செல்சஸ் தரும் செய்தி தெளிவானது. மூக்கை ஒட்டிய கண்முனையில் சீழ் ஓயாது கசியும் சிறு துளைப்புண்ணை அவர் விவரிக்கிறார். அப்புண்ணை அறுத்தெடுத்து, உள்ளிருக்கும் எலும்பு வரை பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சுடுவதே அவர் கூறும் மருத்துவம்.

இந்திய மரபில் சுஸ்ருத சம்ஹிதையின் உத்தரதந்திரம் எழுபத்தாறு கண்நோய்களைத் தொகுக்கிறது. அவற்றுள் கண்ணின் சந்திகளில் தோன்றும் ஒன்பதில் ‘பூயாலசம்’ என்பது மூக்கை ஒட்டிய முனையில் பழுத்துச் சீழ் கட்டும் வீக்கம். இதனை இன்றைய கண்ணீர்ப்பை அழற்சியோடு ஒப்பிடுவது வழக்கம். அந்நூல் குழந்தைகளுக்கே உரிய ஒரு கண்நோயையும் தனித்துக் கூறுகிறது என்பதே இக்கட்டுரைக்கு முதன்மையான செய்தி. ‘குகூணகம்’ எனப்படும் அந்நோயில் குழந்தை கண்ணையும் மூக்கையும் நெற்றியையும் தேய்க்கும், வெயிலைக் காணப் பொறுக்காது, கண்ணிலிருந்து நீர் வடியும். தாய்ப்பாலின் கேடு அதன் காரணமாகச் சொல்லப்படுகிறது. அறிகுறிகளை நோக்கினால் இது இமையிணைப்படல அழற்சியாகவே தோன்றுகிறது. கண்ணீர் நாள அடைப்புள்ள குழந்தை பொதுவாக ஒளிக்குக் கூசுவதில்லை. ஆயினும் அடைப்பினால் நீர் வடித்த குழந்தைகளும் அக்காலத்தில் இப்பெயருக்குள் அடங்கியிருக்கக்கூடும். மூக்கை ஒட்டிய வீக்கம் ஒரு பெயரிலும், குழந்தையின் கண்ணீர் மற்றொரு பெயரிலும் பிரிந்து கிடந்தன. இரண்டையும் இணைக்கும் நாளத்தின் உடற்கூறு இன்னும் அறியப்படவில்லை.

துளைப்புண்ணிலிருந்து அடைப்புக்கு

ஐரோப்பாவில் 16ஆம் நூற்றாண்டின் உடற்கூற்றியலாளர்கள், குறிப்பாகக் கப்ரியேலே ஃபலோப்பியோ, கண்ணீர் வழிகளை விளக்கினர். கண்ணீர் மூளையிலிருந்து கசிவதன்று, கண்ணருகேயுள்ள சுரப்பியிலிருந்தே வருகிறது என்பதை 1662இல் டென்மார்க்கின் நீல்ஸ் ஸ்டென்சன் நிறுவினார். உற்பத்தியிடமும் வடிகாலும் தெரிந்தபின் நோயின் பொருளும் மாறியாக வேண்டும். அம்மாற்றத்தை 1702இல் ஜெர்மானிய மருத்துவர் கெயோர்க் எர்ன்ஸ்ட் ஸ்டாலின் நூலில் காணலாம். சீழ் வடியும் புண் நோயின் விளைவே. மூலம் கீழேயுள்ள நாளத்தின் அடைப்பு என அவர் உணர்ந்தார்.

இவ்விடத்தில் கலைச்சொல் பற்றிய ஒரு குறிப்பு தேவைப்படுகிறது. ‘ஃபிஸ்டுலா’ என்ற சொல்லைத் தமிழில் ‘புரை’ எனப் பெயர்த்தால், ‘கண்புரை’ என நாம் வழங்கும் வில்லை மங்கலோடு குழம்பும். அதனாலேயே இக்கட்டுரை ‘துளைப்புண்’ என்ற சொல்லை ஆள்கிறது. மாறாக, ‘சலாகை’ என்ற பழஞ்சொல் மருத்துவர் உட்செலுத்தித் துழாவும் மெல்லிய கோலுக்கு இன்றும் பொருத்தமாகவே உள்ளது.

அச்சலாகையைக் கண்ணீர்த் துளைக்குள் செலுத்திக் காட்டியவர் துலூஸ் நகரில் பிறந்த பிரெஞ்சு அறுவை மருத்துவர் டொமினிக் அனெல். ஜெனோவாவில் ஒரு திருச்சபைக் குருவின் கண்ணில் அவர் மேலிமைத் துளையின் வழியே மயிரிழை போன்ற வெள்ளிச் சலாகையைச் செலுத்தினார். கீழிமைத் துளையின் வழியே, தாமே அமைத்த நுண்ணிய பீச்சுகுழலால் மருந்துநீரைப் பாய்ச்சினார். 1713இல் தூரினில் வெளியான அவரது நூல் கடும் விவாதத்தைக் கிளப்பியது. காய்ச்சிய இரும்பும் கத்தியும் இன்றி, உடலே அமைத்துத் தந்த வழியாக உட்புகுந்து அடைப்பை நீக்குதல் என்பது அனெலின் கருத்து. பச்சிளங்குழந்தைக்கு இன்று செய்யப்படும் சலாகைச் சிகிச்சையின் வேர் இதுவே.

ஆனால் அடுத்த நூற்றாண்டு அனெலின் மென்மையைப் பின்பற்றவில்லை. பாரிஸில் ழான் லூயி பெத்தி கண்ணீர்ப்பையைத் திறந்து அதன் வழியே நாளத்தை விரித்தார். லண்டனில் ஜேம்ஸ் வேர் ஆணித்தலை போன்ற முனையுடைய வெள்ளிக் கம்பியை நாளத்தினுள் விட்டு நோயாளி மாதக்கணக்கில் அணிந்திருக்கச் செய்தார். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் மூர்ஃபீல்ட்ஸ் கண் மருத்துவமனையின் வில்லியம் போமன் நுண்கால்வாயை நெடுக வெட்டித் திறந்து, தடிமன் வரிசையில் அமைத்த சலாகைகளை ஒன்றன்பின் ஒன்றாகச் செலுத்தும் முறையை நிலைநாட்டினார். அச்சலாகைகள் இன்றும் அவர் பெயரையே தாங்குகின்றன. அவர் வெட்டிய கால்வாயின் விலை ஒரு நூற்றாண்டுக்குப் பின்னரே முழுமையாகத் தெரிந்தது. இமை மூடித் திறக்கும்போது நுண்கால்வாயும் பையும் இறைப்பி போலக் கண்ணீரை உள்ளிழுக்கின்றன என்பதை 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அமெரிக்கரான லெஸ்டர் ஜோன்ஸ் விளக்கினார். வெட்டப்பட்ட கால்வாய் இறைப்பதில்லை.

1904இல் ஃப்ளாரன்ஸின் அத்தேயோ தோத்தி எலும்பைக் குடைந்து கண்ணீர்ப்பையை நேரே மூக்கோடு இணைக்கும் அறுவையை வெளியிட்டார். கருவி வரலாறு எழுதுவோர்க்கு இதுவே சிகரம். இவ்வரிசையில் குழந்தை எங்கே இருக்கிறது என்று தேடினால் விடை ஏமாற்றமளிக்கும். பெரியவர்களின் நாளம் அழற்சியால் சுருங்கித் தழும்பேறி அடைபடுகிறது. அதற்கு விரித்தலும் புதுவழி அமைத்தலும் பொருந்தும். குழந்தையின் நாளத்தில் பெரும்பாலும் தழும்பு இல்லை, ஒரு சவ்வு மட்டுமே மிஞ்சியுள்ளது. இரண்டும் ஒரே பெயரால் அழைக்கப்பட்டதால் ஒரே சிகிச்சைக்கு உரியனவாகக் கருதப்பட்டன.

குழந்தையின் நோய் பிரிந்தமை

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இப்பிரிவு நிகழ்ந்தது. அதற்குப் புறத்தூண்டுதல் ஒன்றும் உண்டு. 1881இல் லைப்சிக்கின் கார்ல் கிரடே, பிறந்த குழந்தையின் கண்ணில் வெள்ளி நைட்ரேட் கரைசலின் துளியிட்டால் பார்வையைப் பறிக்கும் மேகவெட்டைக் கண் அழற்சியைத் தடுக்கலாம் எனக் காட்டினார். அதுவரை குழந்தையின் சீழ்பிடித்த கண் என்றாலே அச்சத்திற்குரியது. அக்கொடிய அழற்சி குறையக் குறைய, துளி மருந்துக்கு இடைக்காலத்தில் மட்டும் அடங்கி மீண்டும் மீண்டும் பீளை கட்டும், ஆனால் பார்வையைக் கெடுக்காத மற்றொரு வகை தனித்துத் தெரிந்தது. அதே பத்தாண்டுகளில் ஜெர்மானிய மருத்துவர்கள் பிறந்த குழந்தைகளின் நாளத்தை ஆராய்ந்து, கீழ்முனைச் சவ்வு திறவாமையே இவ்வகைக்குக் காரணம் என விளக்கினர்.

காரணம் சவ்வு எனில் அதைக் கிழிக்கச் சலாகை தேவைதானா என்ற வினா இயல்பாக எழும். 1923இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் லூயி கிரிக்லர் எழுதிய இரண்டு பக்கக் கட்டுரை அதற்கு விடை கூறியது. நுண்கால்வாய்கள் பையில் சேரும் இடத்தை விரல்நுனியால் அடைத்துக்கொண்டு, அவ்விரலைக் கீழ்நோக்கி அழுத்தமாக இறக்க வேண்டும். பையிலுள்ள நீர் மேலே திரும்ப இயலாமல் கீழ்நோக்கித் தள்ளப்படும். அந்த நீரழுத்தம் சவ்வைக் கிழிக்கும். கருவியின்றி, மயக்கமின்றி, வீட்டில் தாயே செய்யத்தக்க முறை இது. இருநூற்றாண்டு அறுவை வரலாற்றின் முன்னால் மிக எளியதாகத் தோன்றும் இச்சிறு கட்டுரை, குழந்தைகளைப் பொறுத்தவரை தோத்தியின் அறுவையைவிடப் பெரிய பயன் விளைத்தது என்று கூறுவது மிகையாகாது.

ஆனால் கிரிக்லரின் முறை பரவும்போது தேய்ந்தது. ‘மசாஜ்’ என்ற ஒற்றைச் சொல்லின்கீழ் இரு வேறு செயல்கள் கலந்தன: ஒன்று, பையை அழுத்தித் தேங்கிய சீழை இமைவழியே வெளியேற்றுதல், மற்றொன்று, மேல்வழியை அடைத்துக் கீழ்நோக்கி அழுத்தம் தருதல். முதலாவது பையைத் தூய்மையாக்குமேயன்றிச் சவ்வைத் திறக்காது. இக்குழப்பத்தை 1982இல் பர்ட்டன் குஷ்னர் சோதித்தார். குழந்தைகள் மூன்று பிரிவாக்கப்பட்டனர்: அழுத்தத்துடன் கீழ்நோக்கித் தள்ளும் முறை, மென்மையாகத் தடவும் முறை, எதுவும் செய்யாமை. முதற்பிரிவே தெளிவாக மிகுந்த பயன் பெற்றது. மென்மையாகத் தடவியதற்கும் எதுவும் செய்யாததற்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடில்லை. தாய்மார்க்கு ‘மெல்லத் தடவுங்கள்’ என்று மட்டும் கூறி அனுப்பிய பல்லாண்டு அறிவுரைகள் இதன் பின்னர் கேள்விக்குள்ளாயின.

எவ்வளவு காலம்?

அழுத்தியும் திறவாத நாளத்திற்குச் சலாகையை எப்போது செலுத்துவது என்பது 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி முழுவதும் நீடித்த விவாதம். சில மாதக் குழந்தையைத் துணியில் இறுகச் சுற்றிப் பிடித்துக்கொண்டு, சொட்டு மருந்தால் மட்டும் மரப்பித்துச் சலாகையைச் செலுத்தலாம். ஓராண்டைக் கடந்த குழந்தையை அவ்வாறு பிடிப்பது கடினமாதலால் முழுமயக்கம் வேண்டியிருக்கும். விரைந்து செய்தால் மயக்கத்தைத் தவிர்க்கலாம். ஆனால் தானே குணமாகவிருந்த குழந்தைக்கும் தேவையற்ற சிகிச்சை நடந்துவிடும். கை தவறினால் சலாகை நாளத்தை விட்டு விலகிப் பொய்வழி ஏற்படுத்தி, இல்லாத தழும்பை உண்டாக்கும் இடரும் உண்டு.

இவ்விவாதத்தில் இரு தரப்பும் எண்களைக் காட்டின. 1987இல் கட்டோவிட்ஸ், வெல்ஷ் ஆகிய இருவர் 427 குழந்தைகளின் 572 கண்களை ஆராய்ந்து, பதின்மூன்று மாதங்களுக்கு முன் செய்த முதற் சலாகைச் சிகிச்சையில் 97 விழுக்காடு வெற்றி பெற்றதையும், அதன்பின் செய்தவற்றில் அது ஏறத்தாழ 55 விழுக்காடாகச் சரிந்ததையும் அறிவித்தனர். காத்திருப்பது நாளத்தைக் கெடுக்கிறது என்பது இதிலிருந்து பலர் பெற்ற முடிவு. நான்கு ஆண்டுகளுக்குப் பின் ஸ்காட்லாந்தின் மெக்கியூவென், யங் ஆகியோர் வேறு வழியில் வினவினர். மருத்துவமனைக்கு வந்த குழந்தைகளை அவர்கள் எண்ணவில்லை. பிறந்த 4,792 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்தனர். ஏறத்தாழ ஐந்தில் ஒரு குழந்தைக்கு முதலாண்டில் வடிகால் குறை காணப்பட்டது. அவர்களுள் 96 விழுக்காட்டினர் ஓராண்டு நிறைவதற்குள் அறுவையின்றிக் குணமடைந்தனர்.

இவ்விரு முடிவுகளும் முரண்படுவன போலத் தோன்றினும் உண்மையில் முரண்படவில்லை. ஒரு கற்பனைக் கணக்கு இதனைத் தெளிவாக்கும். அடைப்புள்ள 100 குழந்தைகளில் 95 பேர்க்கு மெல்லிய சவ்வும், 5 பேர்க்கு எலும்புக் குறுக்கம் போன்ற சிக்கலான அடைப்பும் இருப்பதாகக் கொள்வோம். சலாகை சவ்வை எளிதில் கிழிக்கும். எலும்புக் குறுக்கத்தை வெல்லாது. தொடக்கத்திலேயே அனைவர்க்கும் சலாகை செலுத்தினால் வெற்றி 95 விழுக்காடு. ஓராண்டு காத்திருந்தால் சவ்வுக் குழந்தைகளுள் 90 பேர் தாமே குணமடைந்துவிடுவர். எஞ்சும் பத்துப் பேரில் ஐவர்க்கே சவ்வு. அவர்களுக்குச் செலுத்தினால் வெற்றி 50 விழுக்காடு. காலம் எந்த நாளத்தையும் கெடுக்கவில்லை. எளியவர்கள் வரிசையிலிருந்து விலகிவிட்டனர், அவ்வளவே. வயதோடு வெற்றி சரிவதாகக் காட்டிய பழைய ஆய்வுகளைப் படிக்கும்போது இத்தேர்வு விளைவைக் கணக்கில் கொள்ளாமல் முடிவு காண்பது பிழையாகும். 1998இல் ரிச்சர்ட் ராப், ஓராண்டுக்குப் பின் வெவ்வேறு வயதில் சலாகை செலுத்தப்பட்ட குழந்தைகளை ஒப்பிட்டு, வயது ஏற ஏற வெற்றி குறிப்பிடத்தக்கவாறு குறையவில்லை என எழுதியதும் இவ்விளக்கத்தை வலுப்படுத்துகிறது.

அமெரிக்காவின் குழந்தைக் கண்நோய் ஆய்வாளர் குழுமம் 2008இல் வெளியிட்ட பன்மைய ஆய்வு 718 குழந்தைகளின் 955 கண்களைக் கொண்டது. ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையிலான வயதுப் பிரிவுகள் அனைத்திலும் வெற்றி 78, 79 விழுக்காடாகவே நின்றது. மூன்று முதல் நான்கு வயதுப் பிரிவில் மட்டும் 56 ஆகக் குறைந்தது. அக்கடைசிப் பிரிவில் இருந்தோர் மிகச் சிலரே என்பதை மறவாமல் இதனைப் படிக்க வேண்டும். சலாகை தோற்ற குழந்தைகளுக்கு 1960களின் பிற்பகுதி முதல் மெல்லிய சிலிக்கோன் குழாயை நாளத்தில் சில மாதம் நிறுத்திவைக்கும் முறையும், 1990கள் முதல் பலூனால் விரிக்கும் முறையும் கிடைத்தன. தோத்தியின் அறுவை குழந்தைகளைப் பொறுத்தவரை கடைசி வாயிலாகியது.

காத்திருத்தல் என்பது எல்லா நீர்வடியும் கண்ணுக்கும் உரியதன்று. பிறந்தவுடன் கண்முனையில் நீலநிறப் புடைப்பு தோன்றினால் அது மூக்கினுள் விரிந்து மூச்சையும் தடுக்கலாம். நீர் வடிதலோடு ஒளிக்கூச்சமும் கருவிழி மங்கலும் பெரிதாதலும் சேர்ந்தால் அது பிறவிக் கண்ணழுத்த நோயாக இருக்கக்கூடும். அங்கே ஒரு வாரத் தாமதமும் பார்வையைப் பறிக்கும். குகூணகத்தின் அறிகுறிகளுள் வெயில் பொறாமையைக் குறித்துவைத்த பழைய நூலாசிரியர் எந்த நோயைக் கண்டாரோ, அறிய இயலாது. ஆயினும் அவ்வறிகுறியே நாள அடைப்பையும் பிற நோய்களையும் பிரிக்கும் முதற்குறியாக இன்றும் மருத்துவர்க்குப் பயிற்றுவிக்கப்படுகிறது.

2012இன் சோதனை

மேற்கூறிய குழுமம் 2012இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வு இவ்விவாதத்தை நேரடியாகச் சோதித்தது. ஒரு கண்ணில் மட்டும் அடைப்புள்ள, ஆறு முதல் பத்து மாதத்திற்குட்பட்ட 163 குழந்தைகள் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கப்பட்டனர். ஒரு பிரிவுக்கு உடனே, முழுமயக்கமின்றி, மருத்துவரின் அறையிலேயே சலாகை செலுத்தப்பட்டது. மற்றப் பிரிவு ஆறு மாதம் அழுத்தும் முறையோடு காத்திருந்து, குணமாகாவிடில் மயக்கத்தின்கீழ்ச் சிகிச்சை பெற்றது. காத்திருந்தோருள் 66 விழுக்காட்டினர் அந்த ஆறு மாதத்திற்குள் சலாகையின்றியே குணமடைந்தனர். பதினெட்டாம் மாதத்தில் கணக்கெடுத்தபோது உடனடிப் பிரிவில் 92 விழுக்காட்டினரும், காத்திருந்த பிரிவில் 82 விழுக்காட்டினரும் நலமாயிருந்தனர். ஒரு குழந்தைக்கான சராசரிச் செலவு முதற்பிரிவில் 562 டாலர், இரண்டாவதில் 701 டாலர்.

இந்த எண்களை இரு தரப்பும் தமக்குச் சாதகமாக மேற்கோள் காட்டி வருவதில் வியப்பில்லை. விரைவை விரும்புவோர் 92ஐயும் 562ஐயும் காட்டுகின்றனர். பொறுமையை விரும்புவோர் 66ஐக் காட்டுகின்றனர். உடனடிப் பிரிவிலும் ஏறத்தாழ மூவரில் இருவர் துணியில் சுற்றிப் பிடிக்கப்பட்டுச் சலாகையைத் தாங்கியது தேவையின்றியே என்பது அந்த 66இன் மறுபக்கம். செலவுக் கணக்கும் அமெரிக்க மயக்க மருந்துக் கட்டணத்தைச் சார்ந்தது. மயக்க வசதி மலிவாகவோ அரிதாகவோ உள்ள நாட்டில் அத்தராசு வேறு பக்கம் சாயும். கிரிக்லர் விரலால் தொடங்கிய முறை இச்சோதனையில் ‘காத்திருத்தல்’ என்ற பிரிவின் ஒரு பகுதியாக மட்டுமே இடம்பெற்றது. எத்தனை பெற்றோர் நுண்கால்வாயைச் சரியாக அடைத்துக்கொண்டு அழுத்தினர், எத்தனை பேர் வெறுமனே தடவினர் என்பது அந்த விழுக்காடுகளிலிருந்து பிரித்தறிய முடியாத ஒன்று. குஷ்னர் 1982இல் பிரித்துக் காட்டிய அவ்விரு செயல்களும் முப்பதாண்டுக்குப் பின் மீண்டும் ஒரே சொல்லுக்குள் சென்று சேர்ந்துகொண்டன.